அத்தை செய்த பெஞ்சு

எங்கள் அத்தை செய்த பெஞ்சு ஆடாது. ஆரணியில் யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டிச் சொல்வேன்.

அத்தை அப்பாவின் தங்கை. பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். அதில் டை கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டிலேயே மேஜை, அலமாரி எல்லாம் செய்துகொண்டிருப்பார். எழுத்தை விட்டுவிட்டு, படத்தைப் பார்த்தே அத்தை ரம்பமும் இழைப்புளியும் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பழைய தறிக்கட்டையில் அவள் செய்த பெஞ்சின் மேல் நானும் தம்பிகளும் ஏறிக் குதித்துப் பார்த்தோம். ம்ஹூம், அசையவில்லை.

மறுநாள் அவளைப் பெண் பார்க்கக் களம்பூரிலிருந்து வருவதாக இருந்தது. அரிசி மில்லில் வேலை, தங்கமான பையன் என்று வீடே மயங்கிக் கிடந்தது. பையனின் அம்மா மட்டும் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தாள். சுத்தி, ரம்பமெல்லாம் பிறந்த வீட்டோடு நின்றுவிட வேண்டும். அதைக் கேட்ட அன்று அத்தை சோற்றைத் தொடவில்லை. அப்பா, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று முடித்துவிட்டார்.

காலையில் பட்டுச்சேலையோடு அத்தை பெஞ்சுக்கடியில் படுத்திருந்தாள், கையில் ஸ்பேனர்.

"இன்னா அத்த பண்ற?"

"நட்ட முடுக்கிகினு இருக்கேன். நீ போ."

மாப்பிள்ளையின் அப்பா வந்து அமர்ந்தார். பெஞ்சு சாய்ந்தது. அவர் தரையில், காபி வேட்டியில். எங்கள் அப்பா பிறவி நெசவாளி ஆயிற்றே! மனுஷனைத் தூக்காமல் வேட்டியைத் தடவிப் பார்த்து, "பயப்படாதீங்க, இது பட்டே இல்லீங்க. தொவச்சா போயிடும்" என்றார். பட்டு என்று பெருமையாகக் கட்டி வந்த வேட்டி அது.

"ஒரு பெஞ்சியே நிக்கல, இந்த சம்பந்தம் எங்க நிக்கப்போவுது?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! அத்தையின் பெஞ்சைச் சொல்வதா? "நேத்து நாங்க ஏறிக் குதிச்சோம், ஆடவே இல்ல..." என்று கத்த ஆரம்பித்ததும் அத்தை ஓடிவந்து ஒரு முழு போண்டாவை என் வாயில் திணித்தாள்.

இன்றைக்கு சேவூர் ரோட்டில் அத்தைக்குச் சொந்தப் பட்டறை. வருகிறவர்கள் உட்காருவது அந்தப் பெஞ்சில்தான். எப்பேர்ப்பட்ட ஆள் உட்கார்ந்தாலும் ஆடாது.

அன்று அவர்கள் போனதும் பெஞ்சுக்குப் பட்ட அவமானத்தை நினைத்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மறுபடி நட்டை முடுக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் பார்த்ததற்கு எதிர்ப்பக்கமாக ஸ்பேனர் சுற்றுகிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை.