சாம்பிராணி நேரத்தில் நின்ற கணினி

வெள்ளிக்கிழமை மாலைகளில், அந்த வாரம் தொகுத்த காணொளிகளை வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினியில் அனுப்பப் போட்டுவிட்டு, நான் தண்டவாளத்தைத் தாண்டி வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய்விடுவேன். வெளிச்சம் மங்க மங்கக் கடல் எது, வானம் எது என்று தெரியாமல் போகும். நானும் கொஞ்ச நேரம் இல்லாமல் போவேன்.

திரும்பி வந்தால் கணினி செத்துக் கிடக்கும். அனுப்பியது பாதியில் நிற்கும். இன்னொரு முறை பிந்தினால் வேறு ஆள் பார்ப்போம் என்று நிறுவனம் எழுதிவிட்டது. இந்த வேலை போனால் நானும் கனடாவுக்கு, அண்ணனிடம் போகவேண்டியதுதான். அம்மா வரமாட்டார். இந்த வீட்டில் தனியாக இருப்பார்.

மின்சாரத்தைத் திட்டினேன், உப்புக் காற்றைத் திட்டினேன், கணினி விற்றவனைப் பரம்பரையோடு திட்டினேன். கடைசியில்தான் கணினி தன்பாட்டில் எழுதிவைக்கும் பதிவுகளைத் திறந்தேன். எதிர்பாராமல் நின்றது, எதிர்பாராமல் நின்றது என்று சிவப்புக் குறியோடு வரிகள். ஏன் நின்றது என்று ஒரு சொல் இல்லை. நின்றது எனக்குத் தெரியாதாக்கும்! ஆனால் எல்லாம் வெள்ளிக்கிழமை, எல்லாம் விளக்கு வைக்கும் நேரம். ஒவ்வொன்றுக்கும் சற்று முன்னால், சூடு கூடிவிட்டது என்று ஓர் எச்சரிக்கையும் இருந்தது.

அடுத்த வெள்ளி கடலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். சாமியறையிலிருந்து புகை மெதுவாக மிதந்து வந்தது. அதற்குப் பின்னால் சாம்பிராணித் தட்டோடு அம்மா. வீடு முழுக்கக் காட்டிவிட்டு, தணலோடு தட்டை மேசைக்குக் கீழே, கணினிப் பெட்டி காற்றை இழுக்கும் துளைகளோடு ஒட்டி வைத்தார். கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டார். பெட்டி இரைந்தது, பிறகு அடங்கியது. அம்மா கண் திறக்கவேயில்லை.

"என்னம்மா செய்யிறியள்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "உன்ர வேலை நிலைக்கவேணும் எண்டு கும்பிடுறன் பிள்ளை. நீயும் போயிட்டா நான் ஆரோட கதைக்கிறது?"

வாய்வரை வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. பெட்டி ஆறியதும் மறுபடி அனுப்பினேன். அன்றைக்கு வேலை தப்பியது.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானமே அனுப்பி முடித்து, கணினியை முறைப்படி நிறுத்திவிடுகிறேன். பொழுதுபட, "இப்ப வையுங்கோ அம்மா" என்று கூப்பிடுவேன். எதனால் நின்றது என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கடற்கரைக்கும் போவதில்லை. அந்தப் புகைக்குள் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, நானும் அதையேதான் கேட்கிறேன்.