நான் சேர்த்த ஒரு வரி

மாத்தளை நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம், ஒரு போட்டோகொப்பிக் கடையின் பின்பாதியில் என் அலுவலகம் இருக்கிறது. பலகையில் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். மூன்றிலும் எழுத்துப் பிழை இல்லை. நான் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு அதிகம் இல்லை. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி என்று மக்கள் கொண்டுவருவதை ஆங்கிலமாக்கி முத்திரை குத்துவது தொழில். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது அதோடு இலவசம். யாரும் கேட்டு நான் தொடங்கவில்லை. கதிரை போட்டிருந்தேன், உட்கார்ந்தவர்களுக்குச் சொன்னேன்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருத்தி என் மகள்.

அவளுக்கு மருத்துவ ஆய்வுகூடப் படிப்பில் ஆசை. இங்கே பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைச் சற்றே எட்டவில்லை. ஒரு குளிர் நாட்டில் இடம் தருவதாகச் சொன்னார்கள். நாட்டின் பெயர் வேண்டாம், அதுவும் போய் ஒரு கோப்பில் சேர்ந்துவிடும். ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் ஒன்பதுக்கு ஆறு எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் ஆறுக்கு மேல் எடுத்தாள். எழுத்தில் ஐந்தரை. எழுத்து மட்டும்தான் நான் சொல்லிக்கொடுத்தது.

நான் ஆங்கிலம் கற்றது தடித்த அட்டைப் புத்தகங்களில். என்றைக்கோ இறந்துபோன கனவான்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிய ஆங்கிலம் அது. ஒரு வாக்கியம் தொடங்கி முடிவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். அதையே அவளுக்கும் புகட்டினேன். பிறகு அவள் கண்டியில் ஒரு வகுப்புக்குப் போனாள். அங்கே என் வயதில் பாதிகூட இல்லாத ஓர் ஆசிரியை அவளுடைய கட்டுரையைப் பார்த்துவிட்டு, “யாரும்மா உனக்கு இப்படி எழுதச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டாராம். “ஒரு வயசான சேர்” என்று மகள் சொல்லியிருக்கிறாள். அடுத்த தேர்வில் எழுத்துக்கு ஆறரை. வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நான் கொஞ்சம் தாமதமாக.

இனி விசா ஒன்றுதான். அதற்கு, அங்கே ஏன் படிக்க வருகிறேன், படித்து முடித்து ஏன் ஊருக்குத் திரும்புவேன் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். அவளே எழுதினாள். ஒரு பக்கம், சின்னச் சின்ன வாக்கியங்கள். எங்கள் பக்கத்து ஆய்வுகூடங்களில் படித்த ஆட்கள் போதாது, வந்து இங்கேயே வேலை செய்வேன் என்று நேராக எழுதியிருந்தாள். பிழை பார்க்க என்னிடம் தந்தாள். பிழை இல்லை. பிழை இல்லாத காகிதத்தை அப்படியே திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வராது. தாய் தகப்பனைப் பற்றி ஒரு பேச்சுமில்லையே, கடிதம் மொட்டையாக நிற்கிறதே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘நான் நன்றாக செட்டில் ஆவதைக் காண்பதே என் பெற்றோரின் வாழ்நாள் ஆசை.’ ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருந்தது.

எங்கள் ஊரில் வழக்கு சமாதானமாகப் போனால் செட்டில். பிள்ளைக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, இரண்டு தெரு தள்ளி வீடெடுத்தால் செட்டில். எங்கள் மாவட்டத்தில் யட்டவத்தயிலிருந்து நாலந்தா வரை யாரைக் கேட்டாலும் அந்த வரிக்கு ‘பிள்ளை நல்லா இருக்கணும்’ என்றுதான் பொருள் சொல்வார்கள். விசா அதிகாரிகளை யட்டவத்தயிலிருந்து எடுப்பதில்லை.

மறுப்புக் கடிதத்தை மகள் குசினி மேசையில் வைத்து வாசித்தாள். அவள் எழுதிய ஒரு பக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. என் வரி மட்டும் மேற்கோள் குறிக்குள் இருந்தது. இவர் இங்கேயே குடியேறிவிட வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம் எனத் தெரிகிறது, ஆகவே திரும்பிச் செல்வார் என நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். என் ஆங்கிலத்தை ஒருவர் மேற்கோள் காட்டியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

“அப்பா, இந்த வரி நான் எழுதினது இல்லையே.”

“கடைசியில சும்மா ஒரு அழகுக்குத்தான்மா...”

“அழகுக்கா?”

அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். அடுப்பைப் பார்த்து நின்ற மனைவிதான் திரும்பாமலே சொன்னாள். “ஊர்ல உள்ளவங்க பர்த் சேர்ட்டிபிகேட் எல்லாம் ஒழுங்கா மொழிபெயர்க்கிறீங்க. பெத்த புள்ளயத்தான் தப்பா மொழிபெயர்த்துட்டீங்க.”

அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒரே ஒரு தடவை இடத்தை அடுத்த தவணைக்குத் தள்ளிவைத்துத் தந்தது. இரண்டாம் விண்ணப்பத்தோடு நானும் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தேன். ‘செட்டில்’ என்ற அந்தச் சொல்லைச் சேர்த்தவன் நானே, அங்கே அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்தேன். கையெழுத்துக்குக் கீழே தொழில் எழுத ஓர் இடம் இருந்தது. ‘ஆங்கில மொழிபெயர்ப்பாளர்’ என்று எழுதினேன். சமாதான நீதவான் இரண்டையும் வாசித்துவிட்டு ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். முத்திரையைக் குத்தித் தந்தார். மனிதர் நல்லவர்.

இரண்டாவது மறுப்பில் மேற்கோள் இல்லை. முதல் மறுப்பும் கவனத்தில் கொள்ளப்பட்டது, திருப்தி இல்லை என்று மூன்றே வரி. இடம் போய்விட்டது. மகள் இப்போது நாவுலவில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். இரத்தம் சோதிக்க அல்ல, சோதிக்க வருகிறவர்களுக்கு நம்பர் துண்டு கொடுக்க. காலையில் பஸ் ஏறிப் போய் அந்தியில் வருகிறாள். என் மேல் கோபம் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். எதையும் வாசிக்கத் தருவதில்லை.

போன மாதம், யட்டவத்தயில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் தன் மகனின் மறுப்புக் கடிதத்தோடு வந்தார்.

“மகன்ட இங்கிலீஸ் மார்க்ஸும் கொறவு, விசாவும் இல்லண்டுட்டாங்க சேர். என்ன செய்ய?”

“இந்தக் கடிதத்த மகன் கடைசி வரைக்கும் வாசிச்சாரா?”

“மேல ரிஃப்யூஸ்ட் எண்டு ஈந்திச்சி. அதோட மூடி வச்சிட்டான்.”

“திறக்கச் சொல்லுங்க, நானா. என்ன காரணம் போட்டிருக்காங்களோ அதுக்கு நேரா பதில் சொல்லணும். பரீட்சையில எந்தப் பகுதி குறைஞ்சதோ அத நல்லாப் படிச்சிட்டுத் திரும்ப எழுதட்டும். இந்த மறுப்ப மட்டும் மறைக்கக் கூடாது. மறைச்சா அதுவே அடுத்த மறுப்புக்குக் காரணம்.”

“அதெல்லாம் சரி. கடிதத்த நீங்களே எழுதித் தாங்களே சேர். ஒங்கட இங்கிலீஸ் மாதிரி அவனுக்கு வருமா?”

“வராது. அதனாலதான் சொல்றேன், அவரே எழுதட்டும்.”

நான் பிகு பண்ணுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். எழும்பும்போது கேட்டார். “ஒங்கட மகளும் வெளிநாட்டுக்குப் போறண்டு சொன்னீங்களே, போய்ட்டாவா?”

“இல்ல நானா. நாவுலவுக்குப் போய் வாறா.”

“அல்லாஹ்ட நாட்டம். அதுவும் நல்லதுதான் சேர். ஒங்கட கண்ணுக்கு முன்னாலயே செட்டில் ஆகட்டும்.”

ஆகட்டும் என்றேன்.

அவர் மகனின் புதிய படிவத்தை மேசையில் விட்டுப் போயிருந்தார். ‘இதற்கு முன் உங்களுக்கு விசா மறுக்கப்பட்டுள்ளதா?’ என்று அதில் ஒரு கேள்வி. என் மகள் இனி எந்த நாட்டுக்கு எழுதினாலும் அந்த இடத்தில் ஆம் என்றுதான் எழுத வேண்டும். அதற்குக் கீழே விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. சின்னக் கட்டம்தான். என் வரி அதில் முழுதாக அடங்கும்.