நிருபமா சைக்கிள் ஓட்டின வெள்ளிக்கிழமை

என் மருமகள் நிருபமா ஒரே நாளில் சைக்கிள் கற்றுக்கொண்டு, சிவாஜிநகர் போகிற பஸ்ஸையே முந்தினாள். டிரைவர் ஜன்னல் வழியாகக் கும்பிடு போட்டார். சரி, கும்பிடு என் கைச்சரக்கு. எனக்கு எதிலும் கொஞ்சம் உப்புத் தூக்கல்தான்; சாம்பாரிலும் அப்படித்தான் என்பாள் அவள்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே அவளுக்கு ஒரு கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. மற்றவர்கள் எழுதின சாஃப்ட்வேரைத் தட்டிப் பார்த்து, எங்கே உடையும் என்று சொல்கிற வேலை. வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. நான் பூட்டின பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள்.

அந்தக் கண்ணின் கீழ் வளர்ந்த பேத்தி ஷ்ரேயாவுக்கு எட்டு வயசில் ஒரு பயம் வந்தது. பென்சிலால் ஒரு வார்த்தை எழுதுவாள், அழிப்பாள். மறுபடி எழுதுவாள், அழிப்பாள். தாள் ஓட்டையாகிவிடும். கடைசியில் எழுதுவதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய வெறும் தாளை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார்களாம். அத்தோடு நிருபமா அவளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இனிமே ஆத்துலயே படிக்கட்டும்மா" என்றாள் என்னிடம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் வேதநாயகி வீட்டில், இப்படிப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிற சில குடும்பங்கள் கூடுகின்றன. பெற்றவர்கள்தான் முறைவைத்துச் சொல்லித்தர வேண்டும். ஹெப்பகோடியிலிருந்து சுந்தரமூர்த்தி பஸ் மாறி வந்து மரவேலை சொல்லித்தருவார். நிருபமாவுக்குக் கணக்கு. அதில் சிக்கலே இல்லை. சிக்கல் வெள்ளிக்கிழமையில். அன்றைக்குப் பெரியவர்களில் ஒருவர், தனக்குச் சுத்தமாகத் தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் கற்றுக்கொள்ள வேண்டும். எதை என்று பிள்ளைகள்தான் சொல்வார்கள்.

நிருபமாவின் முறை வரும்போதெல்லாம் ஆபீசில் ஏதாவது வேலை வந்துவிடும்.

"இந்த வாரமும் தலைபோற வேலையா?" என்றாள் வேதநாயகி. "தலை இன்னும் அங்கதான் இருக்கு நிருபமா, நான் பார்த்தேன்."

"சைக்கிள்! சைக்கிள்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஷ்ரேயா கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். நிருபமா துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்தாள்.

முதலில் செம்பருத்திச் செடியில் விழுந்தாள். அப்புறம் தெருவில், "உஷாரு அக்கா!" என்று கீரைக்காரர் தள்ளுவண்டியை ஓரம்கட்டியும் அதன்மேலேயே சாய்ந்தாள். அடுத்தது, தெருவோர மரத்தடி வரை போய்த் திரும்பும்போது கேட். முழங்கை சிராய்த்துவிட்டது.

"சைக்கிள்லதான் ஏதோ தப்பு."

"நேத்து என் பொண்ணு ஓட்டினப்போ ஒரு தப்பும் இல்லையே!" என்றாள் வேதநாயகி.

ஷ்ரேயா மெல்ல வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பாயிடுத்தாம்மா?"

"ஆயிடுத்து."

"எல்லாரும் பாத்துட்டாளே?"

"பாத்துட்டா." நிருபமா முழங்கையை ஊதிக்கொண்டாள். "வலிக்கறது. ஆனா இந்தத் தடவை மரத்தடி வரைக்கும் போனேன், கவனிச்சியோ?"

"கவனிச்சேன். நீ சக்கரத்தையே பாக்கறே. நேரே பாரும்மா."

"நீ பின்னாடி பிடிச்சுக்கறியா?"

ஷ்ரேயா கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அதற்கப்புறம் நிருபமா விழவே இல்லை. காற்றாகப் பறந்து, தெருமுனை திரும்பி, அந்த பஸ்ஸை முந்தி...

இதுவரை எழுதியிருந்தேன். என் தோளில் மோவாயை வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஷ்ரேயா, "பாட்டி, பொய்!" என்று பேனாவைப் பிடுங்கினாள். பேனாவில் எழுதினதை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. என் கடைசி வரியை அடித்தாள். அதன் கீழே எழுத ஆரம்பித்தாள். நடுவில் ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, நிறுத்தாமல் மேலே எழுதினாள்:

'பஸ்ஸே வரலை. அம்மா மறுபடியும் விழுந்தா. அம்மா மேலயே நானும் விழுந்தேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.'