கால் டாக்டர்

வந்தவரின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்துகிறாள். விரலை எடுத்ததும் ஒரு சிறு குழி. அது மேடாகும்வரை மனசுக்குள் எண்ணுகிறாள், உதடு அசைகிறது. காலையில் சரியாக இருக்கும் செருப்பு சாயங்காலம் இறுக்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று தாழ்ந்த குரலில் விசாரிப்பாள். ஆமென்றால் செருப்புப் பெட்டியை மூடிவிடுவாள். "முதல்ல டாக்டரைப் பாருங்க. செருப்பு தானா நடந்து போயிடாது."

இருபத்திரண்டு வருடமாகச் செருப்புக் கடை முக்காலியில் உட்கார்ந்து ஊரார் பாதம் பார்ப்பவள். அவள் அப்பாவின் கால் இப்படித்தான் வீங்கியது. நின்றபடியே வேலை பார்ப்பதால் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள், அவர் இதயம் நிற்கும்வரை. கடையில் அவளுக்குக் "கால் டாக்டர்" என்றே பெயர். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறாளே என்று முதலாளிக்கு உறுத்தல்தான். ஆனால் போனவர்கள் திரும்பி வந்து அவள்தான் வேண்டுமென்று காத்திருப்பதால் வாயைத் திறப்பதில்லை.

மதிய வெயில் கண்ணாடி வழியே சாயும்போது கடை தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆகிவிடும். சில மாதங்களாக அந்த நேரத்தில் அவள் மேல்தட்டுப் பெட்டி எடுக்கும் ஏணியின் நடுப்படியிலேயே நின்றுவிடுவாள், பெட்டியை மார்போடு அணைத்தபடி. பகல் கனவு காண்கிறாள் என்று கடையில் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். உடம்பு எங்கோ மிதந்தது, சுவர்கள் மெல்லத் தள்ளிப் போயின. அதில் ஒரு சுகம்கூட இருந்தது. தாடை வலித்தது, சொத்தைப் பல் என்றாள். நெஞ்சு இறுகியது, வாயு என்றாள்.

கண்டுபிடித்தவள் கல்லாவில் இருக்கும் பெண். ஒருநாள் மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் கால் டாக்டரின் கழுத்தெல்லாம் வேர்த்து வழிவதைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"தாடை வலின்னீங்களே, இப்பவும் இருக்கா?"

"இருக்கு. கையிலயும் கொஞ்சம். இந்த அம்மாவுக்கு ஏழாம் நம்பர் காட்டிட்டு வந்துடறேன்."

"அக்கா, ஊரு காலையெல்லாம் பாக்கறீங்க. இது உங்க நெஞ்சு."

பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஏழாம் நம்பர் கேட்ட அம்மாள்தான், ஒரு காலில் செருப்போடும் மறுகால் வெறுமையாகவும், அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று ஏறக்குறைய அடைத்தே போயிருந்தது. சின்னக் குழல் வைத்துத் திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கதையே வேறு என்றார் டாக்டர். அவளுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். "அறிகுறி எல்லாம் என்கிட்டயே இருந்துச்சு. பாக்கத்தான் தோணல" என்று கணவரிடம் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்துவிட்டாள். வீடு மூன்றாவது மாடி. நின்று நின்று ஏறச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் தூசு மிதப்பதைப் பார்த்தபடி நின்றாள். ஒரு படி கீழே கணவர். மேலிருந்து இறங்கிய பக்கத்து வீட்டுக்காரர், "என்னம்மா, முடியலையா?" என்று கேட்டார். யார் கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பதுதான் அவள் வாயில் வரும்.

"ஆமா, முடியல" என்றாள். படியில் உட்கார்ந்து, கணவருக்கும் இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.