ஏப்பம் வரட்டும்

எங்கள் தெருவில் யாருக்கும் நெஞ்சு வலிப்பதில்லை. வாயுதான் பிடிக்கும். தோள்பட்டை வலித்தால் வாயு, விலாவில் குத்தினால் வாயு, தாடை இறுகினால் வாயு. மூச்சு முட்டினால் வாயு மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அது இறங்கிவிட்டதற்கு அடையாளம் ஏப்பம். ஏப்பம் வந்துவிட்டால் சுற்றி நிற்பவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். வாயு என்ற அந்தச் சொல்லை இப்போது யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எரிந்து என்ன? சங்கரன்கோவிலில் அதை என்னைவிட அதிகமாகச் சொன்னவன், அதுவும் படித்தவனுக்குரிய மிடுக்கோடு சொன்னவன், வேறு யாரும் இருக்க முடியாது.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மொட்டை மாடியில் தொட்டி தொட்டியாகத் தூதுவளை, ஆடாதொடை, கற்பூரவல்லி வளர்க்கிறேன். சளி, இருமல் என்றால் தெருவில் உள்ளவர்கள் வந்து இலை கேட்பார்கள். இலையோடு அதன் லத்தீன் பெயரையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவேன். சளி எப்படியும் ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொன்னதில்லை. "சார் குடுத்த இலைதான் கேட்டுச்சு" என்று அவர்கள் சொல்லும்போது, வகுப்பில் நல்ல பதில் சொன்ன மாணவனைப் பார்ப்பதுபோல் தலையாட்டிக்கொள்வேன்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு காலை. என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அருவாமனையை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"ஏங்க, முதுகுல யாரோ கால வச்சு மிதிக்க மாதிரி இருக்கு. தாடையெல்லாம் இழுக்கு."

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன். "நேத்து மொச்சைக்கொட்டைக் குழம்ப அந்தப் பிடி பிடிச்சா வாயு பிடிக்காம என்ன செய்யும்?"

அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ரவிக்கை தோளிலிருந்து இடுப்புவரை நனைந்திருந்தது. ஐப்பசி மாசம், மழை பெய்து ஊரே குளிர்ந்து கிடந்தது. அப்படி வியர்க்க அடுப்பும் எரியவில்லை. தாவரத்தின் இலையில் ஒரு புள்ளி இருந்தால் அது பூஞ்சையா பூச்சியா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த வியர்வையை நான் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் அதற்கு ஒரு பெயரை ஏற்கெனவே வைத்துவிட்டேன்.

சுக்கைத் தட்டினேன். ஓமம், மிளகு, பெருங்காயம் போட்டுக் கொதிக்க வைத்துக் கருப்பட்டி சேர்த்து ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்தாள், வாந்தி எடுத்தாள். "நல்லதுதான், பித்தம் வெளிய போவுது" என்றேன். இரண்டாவது டம்ளர் கொடுத்தேன். பாயை விரித்துப் படுக்க வைத்து, நல்லெண்ணெயைச் சூடு பண்ணி முதுகில் தேய்த்தேன். அவள் முனகலைக் கேட்டு எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். அந்த வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வந்தவள் முந்தானையில் கோயில் புற்றுமண்ணை முடிந்து கொண்டுவந்திருந்தாள். அதைக் குழைத்து என் மனைவியின் நெற்றியில் பூசிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா மொகமே சரியில்ல சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். எங்க வீட்ல அவுகள ஆட்டோ கூப்பிடச் சொல்லட்டா?"

"நீ ஒரு பக்கம் மண்ணப் பூசுத, ஒரு பக்கம் ஆட்டோங்க. ரெண்டுல எதுட்டி உன் வைத்தியம்?" என்று கேட்டேன். கேலியாகத்தான். அவள் முகம் சுருங்கிவிட்டது. "இது வாயு. ஏப்பம் வரட்டும், எல்லாம் சரியாப் போயிரும்."

டம்ளரோடு தலைமாட்டில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஏப்பம் வந்தது. நல்ல நீளமான, தெளிவான ஏப்பம்.

"கேட்டியா?" என்றேன் எதிர்வீட்டுப் பெண்ணிடம். அந்த வார்த்தையை நான் சொன்ன விதம் இன்னும் என் வாயில் இருக்கிறது. துப்பினாலும் போகவில்லை.

அவள் போய்விட்டாள். என் மனைவி பாயில் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் பேப்பரை மறுபடி விரித்தேன்.

மதியம் தாண்டி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அம்மாவைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். போன் அதிர்கிற மாதிரி கத்தினாள்.

"அப்பா, அம்மா உதடப் பாருங்க! என்ன குடுத்தீங்க? எப்ப இருந்து இப்படி இருக்கா?"

"வாயுதாம்மா. இப்பப் பரவால்ல. ஏப்பம்கூட..."

"பேசாதீங்க! நான் ஆம்புலன்ஸ் கூப்பிடுதேன். கதவத் திறந்து மட்டும் வைங்க."

பெற்ற பிள்ளை என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது கோபம். மனைவியின் உதடு நீலமாக இருக்கிறது, நான் மகளின் மரியாதையை அளந்துகொண்டிருக்கிறேன்.

ஊரிலேயே இருந்த ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த உடனே டாக்டரின் நடை மாறிவிட்டது. சின்ன வயசுக்காரர். ஊசி மருந்தை எடுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பத்தான். கொஞ்ச நேரம் முன்னால."

பொய். எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுத்துப் பயனில்லை என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று தெரியாத ஆளா நான்? தெரியும். தெரிந்தே சொன்னேன். முட்டாள் என்று ஒரு சின்னப் பையன் முன்னால் பெயர் வாங்கக் கூடாது என்று சொன்னேன்.

டாக்டர் அவள் முகத்தருகே குனிந்தார். நிமிர்ந்தார். "பெருங்காய வாசனை அடிக்கே சார். காலைலயே கஷாயம் காய்ச்சிட்டீங்களா?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள்தான் கண்ணைத் திறக்காமல், "காலைல... காய் நறுக்கும்போது" என்றாள்.

அங்கிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இதயத்தில் ஒரு பக்கத்துத் தசை செத்துவிட்டது, அது இனி வேலை செய்யாது, காலையிலேயே வந்திருந்தால் கதை வேறு என்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதுவரை சொன்னது அறியாமை என்று யாராவது எனக்காக வாதாடலாம். இனிமேல் சொல்லப்போவதற்கு அந்தச் சாக்கு கிடையாது.

வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்த அன்று தெருவே வந்தது. எதிர்வீட்டுப் பெண்தான் ஆரம்பித்தாள். அன்று ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டாளே, அவளேதான்.

"சார் மட்டும் அன்னைக்கு அந்தக் கஷாயத்தக் குடுக்கலேன்னா அக்கா திருநெல்வேலி வரைக்கும் தாங்கியிருப்பாகளா? நான் வேற கிறுக்கச்சி மாதிரி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு கத்திட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க சார்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் சொன்னது சரி, நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெருங்காயம் ரத்தத்த இளக்கும்மா. அதான் அடைப்பு முத்தாம இருந்திருக்கு" என்றேன். விஞ்ஞானம்! எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். நாற்காலியில் இருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது பேசினாலே மூச்சு வாங்கும்.

அதன்பிறகு தெருவுக்குள் "சார் கஷாயம்" என்றே ஒரு பெயர் உண்டாகிவிட்டது. யாருக்கு எதைச் சேர்த்துக் காய்ச்ச வேண்டும் என்று பக்குவம் கேட்டு வந்தார்கள். சொல்லிக் கொடுத்தேன்.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் இல்லாததால் எதிர்வீட்டில் தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது. அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர்.

"சார், எங்க வீட்ல இவுகளுக்கு நெஞ்சப் புடிக்குதாம். வேர்த்து ஊத்துது. வாயுதான். அக்காவுக்குக் குடுத்தீங்கல்லா, அதுல ஒரு டம்ளர் குடுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருங்களேன்" என்றேன். அது என் குரலாகவே இல்லை. காசு கொடுக்க மனமில்லாதவன் பிச்சைக்காரனிடம் பேசுவதுபோல் இருந்தது.

"போவோம் சார். மொதல்ல ஏப்பம் வரட்டும்."

என் வாக்கியம். வார்த்தை மாறாமல், என் நிதானத்தோடு சொன்னாள். இனி நான் வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் அடுப்படிக்குப் போய்ச் சுக்கை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். ஆமாம், தட்டினேன். எதிர்வீட்டில் ஒரு மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான் என்று தெரிந்து தட்டினேன். இதை எழுதும்போது அந்தக் கையை ஒடித்துப் போட வேண்டும்போல் இருக்கிறது.

தட்டுகிற சத்தம் கேட்டு என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன செய்யுதீங்க?"

"அந்தப் பிள்ள கேட்டுது..."

அவள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏட்டி, அன்னைக்கு எனக்கு ஏப்பம் வரலட்டி. நானா விட்டேன்."

"என்னக்கா சொல்லுதிய?"

"காத்த முழுங்கி, முழுங்கி, நானா விட்டேன். இவுக டம்ளரோட தலைமாட்டுல எமன் மாதிரி நிக்காக. ஏப்பம் வரலேன்னா இன்னொரு டம்ளர் வரும். எனக்கு வாயத் தொறக்கத் தெம்பில்ல. ஒரு ஏப்பத்த விட்டா ஆளு நவுந்துருவாகன்னு விட்டேன். கஷாயமும் கேக்கல ஒரு எழவும் கேக்கல. நீ சொன்னதுதாண்டி சரி. நிக்காத, ஓடு! ஆட்டோவப் புடி!"

டம்ளரைப் படியில் போட்டுவிட்டு அந்தப் பெண் ஓடினாள். மூச்சு வாங்க என் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். அப்போதும் எனக்குக் கோபம். அவள்மேல் கோபம்!

"சொன்னா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு, "போங்க. நீங்களும் கூடப் போங்க. அவரு நீங்க சொன்னாத்தான் எந்திரிப்பாரு" என்றாள்.

அவள் சொன்னபடியே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பிடித்து இழுத்தும் அசையவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க சார். டம்ளர் எங்க?"

"டம்ளரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எந்திரியும்வே."

"வெறும் வாயு சார்."

"வாயுவாவது மண்ணாங்கட்டியாவது! எந்திரியும்வே!"

இத்தனை வருஷ வாத்தியார் வேலையில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. மனிதர் பயந்து எழுந்துவிட்டார். ஆட்டோவில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அந்தப் பெண் சரியாகச் சொன்னாள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மாலைவரை வைத்திருந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வயிற்றுக் கோளாறுதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆமாம். வாயுதான்.

எதிர்வீட்டுக்காரர் மறுநாளே ஆரம்பித்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம். நான் அந்தப் பக்கம் போனது தெரிந்தும் குரலைக் குறைக்கவில்லை. "ஒரு டம்ளர்ல முடியவேண்டியது வே. நம்ம சாரு பயந்து போயி என்னைய ஒரு நாள் பூரா வயரச் சுத்திப் படுக்க வச்சிட்டாரு. சாருக்கே அவரு மருந்து மேல நம்பிக்க போச்சு!" எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர், "சார், அந்தப் பக்குவத்த எனக்கு ஒருக்காச் சொல்லுங்க. எங்க அண்ணாச்சிக்கு அடிக்கடி புடிக்கி" என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. நின்றுகொண்டே சொன்னேன். அவரைக்காயிலிருந்து ஆரம்பித்தேன். நனைந்த ரவிக்கை, டாக்டரிடம் சொன்ன பொய், பெருங்காயம் ரத்தத்தை இளக்கும் என்று அவர்களிடம் சொன்ன பொய், நேற்று மறுபடியும் சுக்குத் தட்டியது, எல்லாம். அவள் காற்றை விழுங்கியதையும் சொன்னேன். அங்கே ஒருவன் சிரித்தான். "எதுக்குல சிரிக்க?" என்று கேட்டேன். அடங்கினான்.

பக்குவம் கேட்டவர் மெதுவாக, "சரி விடுங்க சார். எப்படியோ அக்கா நல்லா இருக்காகல்லா" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். இத்தனை மாதமாக எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வந்திருக்கிறேன்.

"நல்லா இல்ல" என்றேன். "மாடிப்படி ஏற முடியல. தலைக்குக் குளிச்சா ஒரு மணி நேரம் படுத்துக் கிடக்கா. ஒரு கொடம் தண்ணி தூக்க முடியல. அவ நல்லா இல்ல."

எதிர்வீட்டுக்காரர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, எனக்கு மறுபடி வலிச்சா?"

"மறுபடி இழுத்துட்டுப் போவேன்."

"அதுவும் வாயுவா இருந்தா?"

"இருந்துட்டுப் போவட்டும்வே" என்றேன்.