ஒற்றைக் குருத்து

ஜூன் ஒன்பது, காலை பத்து இருபது, காற்றே இல்லாத புழுக்கம். தோட்டத்துக்கு அழகுப்பனை வாங்க வந்து, நாற்றுப் பண்ணையில் நாற்பது நிமிடமாக நிற்கிறேன். ஒரு விசிறிப்பனையைக் காட்டி, "இதுக்கு ஒரே குருத்துதான் சார். அத வெட்டினா மரமே பூடும்" என்றார் பண்ணைக்காரர்.

1968இல் ராயபுரம் வீட்டு வாசலில், மண்ணெண்ணெய் டின்னில், நைனா வளர்த்ததும் விசிறிப்பனைதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்ததும், அதன் ஒன்பது ஓலைகளிலும் படிந்த கரித்தூளை ஈரத்துணியால் துடைப்பார். எங்களைத் தொட விடமாட்டார்.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறன்று அம்மா காய்ச்சலில் கிடந்தாள். கோயிலில் ஓலை தீர்ந்துபோய் நைனா வெறுங்கையோடு திரும்பினார். கதவில் செருக ஓலைச் சிலுவை இல்லையென்றதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நைனா கத்தியோடு வாசலுக்குப் போனார்.

"இன்னாய்யா, உன் செல்லத்தோட குருத்தையே வெட்டிக்கினு வந்துட்ட? செத்துடுமே!"

"சாவட்டும். நீ எந்திரிச்சி சிலுவைய மடி."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள்; மடித்தாள்.

பனை காய மூன்று மாதமானது. கடைசிப் பச்சை ஓலை இருந்தவரை நைனா துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒற்றைக் குருத்துப் பனையையே எடுத்தேன். பேரம் பேசவில்லை. ஆட்டோவோடு எழுநூற்று எழுபது ரூபாய்.