அஞ்சலை அக்காவை விசாரிக்காத வங்கி

என் அபார்ட்மென்ட்டின் தபால் பெட்டியில் நாள் தவறாமல் ரோஜருக்குக் கடிதம் வருகிறது. ரோஜரை நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர். சில மாத வாடகையைக் கட்டாமல், ஒரு கிழிந்த சோபாவை விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனவர் என்று இங்குள்ள மேனேஜர் அம்மாள் சொன்னாள். அவருக்குத்தான் வங்கிகள் எழுதுகின்றன. வழவழப்பான உறை, உள்ளே அட்டையில் செய்த ஒரு மாதிரி கார்டு, ‘அன்புள்ள ரோஜர், உங்களை நாங்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டோம்’ என்று ஒரு வரி. எங்களிடம் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஓடிப்போன மனிதரிடம் இப்படிக் கெஞ்சுகிறார்கள். அதே வீட்டில் இருந்துகொண்டு, முதல் தேதி காலையில் முதல் ஆளாக வாடகைக் காசோலையை நீட்டும் எனக்கு வந்தது ஒரே ஒரு கடிதம். உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.

கையில் காசு இருக்கும்போது உனக்கெதற்குக் கடன் கார்டு என்று ஊரில் இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது தங்கள் கணினிகள் தேதி புரியாமல் குழம்பிவிடும் என்று அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் பயந்து, அவற்றைச் சரிசெய்ய எங்களைச் சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக இங்கே வரவழைத்திருக்கிறார்கள். ஒஹையோவுக்கு வந்த சில வாரங்களில் என்னையும் ரமேஷையும் க்ளீவ்லண்டில் ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ரமேஷ் வசதியானவர்கள் இருக்கும் அடையாறில் வளர்ந்தவன். சென்னைக் கம்பெனியில் நானும் அவனும் ஒரே நாளில், ஒரே சம்பளத்தில் சேர்ந்தோம். அவன் எனக்கு ஒரு வருடம் முன்னதாக இங்கே வந்துவிட்டான். க்ளீவ்லண்ட் ஹோட்டலின் வரவேற்பில் இருந்தவன் கார்டு கேட்டான். நான் புத்தம் புது டாலர் நோட்டுகளை எடுத்து வைத்தேன். போகும்போது ரொக்கமாகக் கொடுக்கலாம், இப்போது கார்டு வேண்டும் என்றான். மொத்தத்தையும் இப்போதே கொடுக்கிறேன் என்றேன். அதற்கும் கார்டு வேண்டும் என்றான். முன்பணம் கொடுக்கிறவளை நம்பாமல், பிறகு தருகிறேன் என்பவனை நம்பும் வழக்கம் எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரியவில்லை என்பது அவனுக்கும் புரியவில்லை. பின்னால் நின்ற ரமேஷ் தன் கார்டை நீட்டி இரண்டு அறைகளையும் வாங்கிவிட்டான். இரண்டும் அவன் பெயரில்.

மறுநாள் காலை அந்த வரவேற்பாளன் என்னைப் பார்த்து, “குட்மார்னிங், மிஸஸ் சுந்தரம்” என்றான். சுந்தரம் என்பது ரமேஷின் அப்பா பெயர். நான் கொதித்துப் போனேன். ரமேஷ் சிரித்தான். “பேர்ல என்ன இருக்கு கஸ்தூரி? ரூம் கெடச்சுதுல்ல?” பெயர் அவனுடையது, அதனால் அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவன் வரமாட்டான், வேறு வேலைக்கு மாற்றுகிறார்கள். உன் பெயரில் ஒரு கார்டு இருந்தால் நீ தனியாகப் போ, இல்லாவிட்டால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

விண்ணப்பம் எழுதிப் போட்டு, அந்த மறுப்புக் கடிதம் வந்ததும் வங்கிக்குப் போனேன். டெபி என்ற பெண் உட்காரச் சொல்லி, சாக்லேட் கொடுத்து, கணினியில் என்னைத் தேடினாள். சம்பளச் சீட்டு, வேலை உத்தரவு, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். அவள் எதையும் தொடவில்லை. இந்த நாட்டில் இதுவரை யாரிடமாவது கடன் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சம்பளச் சனிக்கிழமைகளில் தொழிற்சாலைகள் நிறைந்த அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் வட்டிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களில் ஒருவரிடமும் கைநீட்டாமல் என்னைப் படிக்கவைத்தவர் என் அப்பா. இங்கே மட்டுமல்ல, எங்கேயும், நானும் என் குடும்பமும் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை என்றேன். பாராட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது இரக்கம். “அதுதான் பிரச்சினை, ஹனி. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் இல்லை” என்றாள்.

பிறகு ஒரு வழி சொன்னாள். ஐநூறு டாலரை வங்கியில் கட்டினால், அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஐநூறு டாலர்வரை கடன் வாங்க ஒரு கார்டு தருவார்களாம். நம் வீட்டு அரிசியைக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு அதையே கடனாகக் கேட்டு வாங்கிவருவது போல. சாக்லேட்டை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நடைபாதையே இல்லாத சாலையின் ஓரமாகக் கார்களின் சேற்றை வாங்கிக்கொண்டு நடக்கும்போது, எங்கள் ஊராக இருந்தால் இப்படி நடக்குமா என்று வாய்விட்டுச் சொன்னேன். நாலடி போவதற்குள் ஊரில் நடந்தது ஞாபகம் வந்தது.

எங்கள் வீடு அண்ணனூரில், மின்சார ரயில்களைக் கழுவி நிறுத்தும் ஷெட்டுக்குப் பின்னால். தாத்தா திருநின்றவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். அப்பா எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் ஆலையில் மணலும் இரும்பும் இறக்கும் ஒப்பந்தக் கூலி. அம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பார்த்த முதல் ஆள் நான். சென்னைக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஒரு வங்கியின் ஏஜென்ட் கழுத்தில் டையோடு வந்து எல்லோரிடமும் கிரெடிட் கார்டுக்கு எழுதி வாங்கினான். நானும் எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டைச் சரிபார்க்க வங்கியிலிருந்து வேறோர் ஆள், அவரும் டையோடு, மோட்டார் சைக்கிளில் வந்தார். எங்கள் வீடு பூட்டியிருந்ததால் எதிர் வீட்டு அஞ்சலை அக்காவிடம் விசாரித்தார். கஸ்தூரி எப்படிப்பட்ட பெண், சொந்த வீடா, எத்தனை வருடமாக இருக்கிறார்கள், என்ன சம்பளம். எங்கள் தெருவில் டை கட்டிய ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றி இதையெல்லாம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, சொல்ல ஆரம்பித்தாராம்.

“பொண்ணா சார் அது, தங்கம். ரயில வுட்டா ஊடு, ஊட்ட வுட்டா ரயிலு. சம்பளத்த கவரோட அவங்கம்மா கைல குட்த்துடும், ஒரு ரூபா தன் கைல வச்சிக்காது. கல்யாணம் ஆனா வேலைய வுட்ருன்னு சொல்லு, மறுபேச்சு பேசாம வுட்ரும். செய்மொறைலாம் கொற வைக்க மாட்டாங்க, அதுக்கு நான் கீறேன்.”

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டதால் அக்காவுக்கு உற்சாகம் கூடிவிட்டது. “ஆமா, மாப்ள நீதானா நைனா? இல்ல உன் தம்பியா?”

மறுவாரம் வருந்துகிறோம் என்று கடிதம் வந்தது. கையில் ஒரு ரூபாய் வைத்துக்கொள்ளாத, சொன்னதும் வேலையை விட்டுவிடுகிற பெண்ணுக்கு எந்த வங்கி கடன் தரும் என்று நானே சிரித்துக்கொண்டேன். அந்த ஏஜென்ட்தான் ரகசியம்போல் உண்மையைச் சொன்னான். அந்தப் பக்கத்துக்கே தருவதில்லையாம் மேடம், ஆளை அனுப்புவது ஒரு வழக்கத்துக்குத்தானாம். அடையாறு ரமேஷுக்குக் கார்டு வந்தது. அதைத் தேய்த்து எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். அஞ்சலை அக்கா மாதக்கணக்கில் என்னை விடவில்லை, அந்த டை கட்டின மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

ஆகவே, ஊரில் ஒருவரை ஒருவர் நம்புகிறோம், இங்கே மனிதர்கள் இயந்திரத்தை நம்புகிறார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கே ஆள் வந்து, தெருவைப் பார்த்து, கலர் குடித்துவிட்டு, வேண்டாம் என்றார்கள். இங்கே யாரும் வராமலே வேண்டாம் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் என்னைப் பற்றி மட்டும் யாரும் தெரிந்துகொள்ளவில்லை. இவர்களின் கணினிகளுக்குத் தேதி சொல்லிக் கொடுப்பவள் நான். அந்தக் கணினியில் எனக்கு நேற்று என்று ஒன்று கிடையாது.

ரமேஷ் தன் கார்டில் என்னையும் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். வேண்டாம் என்றேன். மறுபடியும் டெபியிடம் போய் ஐநூறு டாலரைக் கட்டினேன். படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. ஊரில் நான் மு. கஸ்தூரி. ஒரு புள்ளியோடு நிற்கும் எழுத்தை இங்கே யாரும் பெயராக ஏற்பதில்லை, முழுதாக விரித்து எழுதச் சொன்னாள். சில நாளில் ரோஜரின் உறைகளுக்கு நடுவே என் கார்டு வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில், புடைத்த ஆங்கில எழுத்தில், முனுசாமி.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் தெருமுனை மளிகைக் கடையின் போனுக்கு அழைத்தேன். அப்பாவோடு அஞ்சலை அக்காவும் வந்துவிட்டார். முதலில் கொடுக்க மாட்டேன் என்றார்கள் என்று சொன்னதும் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஊட்டாண்ட வந்து விசாரிச்சானுங்களா?”

“இல்லக்கா, யாரும் வரல.”

“வராமயே எப்டிம்மா வேணான்னு சொன்னானுங்க? ஒரு வார்த்த என்னாண்ட கேக்கறதுக்கு இன்னா?”

இந்த நாட்டில் நான் கேட்க நினைத்து, ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் இருந்த கேள்வி அதுதான். அப்பாவுக்கு வேறு கவலை. கார்டில் தன் பெயர் இருக்கிறது என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என் பேரு எதுக்குமா அதுல? நீ கட்டாங்காட்டி என்னாண்ட வருவாங்களா?”

வரமாட்டார்கள் என்றேன்.

“வந்தாலும் வரட்டும். ஆனா நீ ஒயுங்கா கட்டிடு. பேரு என்னுதாச்சே.”

போன வாரம் க்ளீவ்லண்டுக்குத் தனியாகப் போனேன். அதே ஹோட்டல், அதே ஆள். என் கார்டைத் தேய்த்தான், இயந்திரம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சீட்டைத் துப்பியது. கையெழுத்துப் போட்டேன். அவன் சாவியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, “வெல்கம், மிஸ் முனுசாமி” என்றான்.

ஆலை வாசலில் கங்காணி ‘டேய் முன்சாமி’ என்று கத்திக் கூப்பிடும்போதுதான் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். சாவியை வாங்காமல் திரும்பிப் பார்த்துவிட்டேன், மணல் படிந்த சட்டையோடு அப்பா எனக்குப் பின்னால் நிற்பதுபோல. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. யாரும் வந்திருக்கவில்லை. அவன் இன்னும் சாவியை நீட்டிக்கொண்டு, அந்தப் பெயருக்கு உரியவளுக்காகக் காத்திருந்தான்.